2000 வாட் ஆம்ப்ளி பத்தே நிமிஷத்துல ஏன் படுத்துக்குது?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். உங்க வண்டி 2016 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் மட்டும் வாசிக்கிற பெரிய ஸ்பீக்கர், சுருக்கமா சப்), ரெட்டைக் காயில், ஒவ்வொரு காயிலும் 4 ஓம், 400 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கற வாட். அட்டைப்பெட்டியில 2000 வாட்னு போட்டிருந்த ரெண்டு சேனல் ஆம்ப்ளிஃபையரை பிரிட்ஜ் பண்ணி, அதாவது ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்து, மாட்டிக் கொடுத்திருக்காங்க. பத்து நிமிஷம் பாட்டு ஓடினா சிவப்பு லைட் எரிஞ்சு சப் நின்னுடுது. ராத்திரி பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குது. கடைக்காரர் இன்னும் பெரிய ஆம்ப்ளி போடுங்க, இல்லைன்னா கெப்பாசிட்டர் (கரண்டைச் சேமிச்சு வச்சு சட்டுனு விடற டப்பா) போடுங்கன்னு சொல்றார். எது சரின்னு கேட்டிருக்கீங்க.

கெப்பாசிட்டர் வேண்டாம். ஆம்ப்ளியை மாத்த வேண்டி வரும், ஆனா அட்டையில இருக்கிற வாட்ஸைப் பார்த்து மாத்தினா அடுத்ததும் இதே மாதிரிதான் படுக்கும். சப்போட காயில்ல ஆரம்பிச்சு பின்னோக்கிக் கணக்குப் போடணும். காயில் எத்தனை ஓம், அந்த ஓம்ல ஆம்ப்ளி எவ்வளவு தருது, அதைத் தர பேட்டரிகிட்ட எத்தனை ஆம்பியர் வாங்குது, அத்தனை ஆம்பியரைச் சுமக்க என்ன ஒயர் வேணும்னு ஒவ்வொண்ணா வரணும். நிறைய இடத்துல இது தலைகீழாத்தான் நடக்குது. கையில இருக்கிற ஆம்ப்ளி, கிட்டோட வந்த ஒயர், மாட்டு, முடிச்சு அனுப்பு.

உங்க சப்புல ரெண்டு காயில் இருக்குல்ல, அதை ரெண்டு விதமா இணைக்கலாம். பிளஸ்ஸும் பிளஸ்ஸும் சேர்த்து, மைனஸும் மைனஸும் சேர்த்தா பேரலல், 2 ஓம் ஆயிடும். ஒண்ணோட மைனஸை இன்னொண்ணோட பிளஸ்ல கோத்தா சீரிஸ், 8 ஓம். ரெண்டு காயிலையும் சேர்த்து ஓட்டும்போது 4 ஓம் இந்த சப்புல வரவே வராது. இதை வாங்கும்போதே யாரும் சொல்றதில்ல. 4 ஓம் வேணும்னா 2+2 காயில் சப் வாங்கி சீரிஸ்ல போடணும், இல்லைன்னா ஒத்தைக் காயில் 4 ஓம் சப்.

இப்போ பிரிட்ஜுக்கு வருவோம். ரெண்டு சேனலைச் சேர்த்து ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு சேனலுக்கும் அந்த ஸ்பீக்கர் பாதி ஓமாத்தான் தெரியும். 4 ஓம் சப்பை பிரிட்ஜ்ல போட்டா ஒவ்வொரு சேனலும் 2 ஓமைப் பார்க்குது, அது தாங்கும். உங்க சப்பை 2 ஓமுக்குக் கட்டி பிரிட்ஜ்ல போட்டிருந்தா ஒவ்வொரு சேனலும் 1 ஓமைச் சுமக்குது. பெரும்பாலான ரெண்டு சேனல் ஆம்ப்ளிக்கு பிரிட்ஜ்ல குறைஞ்சபட்சம் 4 ஓம்தான் அனுமதி. கையேட்டுலயோ, டெர்மினல் பக்கத்துலயோ சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. ஓம் குறையக் குறைய கரண்ட் கூடும். அது தாறுமாறா ஏறி, உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் சூடாகி, ஆம்ப்ளி தன்னைத்தானே நிறுத்திக்கிற புரொடக்‌ஷன் விழுது. சிவப்பு லைட் அதுதான். இது வரைக்கும் எரியாம நின்னதே அந்த ஆம்ப்ளியோட நல்ல குணம்.

உறுதி பண்ணிக்க ஒரு வழி இருக்கு. ஆம்ப்ளியில இருந்து சப் ஒயரைக் கழட்டி, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு அந்த ரெண்டு முனையிலயும் வைங்க. 1.7, 1.8 பக்கம் காட்டினா பேரலல். 7 பக்கம் காட்டினா சீரிஸ். (4 ஓம் காயில் மீட்டர்ல 3.5 மாதிரிதான் காட்டும், பழுதுன்னு பயந்துடாதீங்க.) 1.8 காட்டினா இன்னிக்கே சீரிஸுக்கு மாத்திடுங்க. சத்தம் குறையும், ஆனா புது ஆம்ப்ளி வாங்குற வரைக்கும் பழசு பொழைச்சுக்கும். மாத்தும்போது ஒரு காயிலைத் தலைகீழாக் கொடுத்துட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து இழுத்து கோன் அசையவே அசையாது. அதைச் சோதிக்க ஒரு பென்டார்ச் செல் போதும். செல்லோட பிளஸ்ஸை சப்போட பிளஸ்ல, மைனஸை மைனஸ்ல ஒரு நொடி தொடுங்க. கோன் லேசா வெளியே தள்ளினா சரி.

அடுத்து அந்த 2000 வாட் கதை. அட்டையில எதை வேணும்னாலும் அச்சடிக்கலாம், ஃபியூஸ்ல அப்படி முடியாது. ஆம்ப்ளியோட பக்கவாட்டுல சொருகியிருக்கிற ஃபியூஸைப் பாருங்க. நீங்க அனுப்பின போட்டோவுல ரெண்டு 15 ஆம்பியர் தெரியுது. மொத்தம் 30. இன்ஜின் ஓடும்போது வண்டியில 13.8 வோல்ட்னு வச்சுக்குவோம். 30 பெருக்கல் 13.8, உள்ள போறதே 414 வாட்தான். அது கிளாஸ் ஏபி வகை, உள்ள போறதுல அறுபது சதவீதம் வெளியே வந்தாலே பெரிசு, மீதி சூடாப் போயிடும். ஆக மிஞ்சினா 250 வாட். ஃபியூஸ் ஒரு நொடி ரெண்டு நொடி கூடுதலாத் தாங்கும், அதனால இது துல்லியக் கணக்கு இல்ல. ஆனா 2000 எங்க, 250 எங்க? கடையில நின்னுக்கிட்டே அரை நிமிஷத்துல போடலாம் இந்தக் கணக்கை. கிளாஸ் டி ஆம்ப்ளின்னா அறுபதுக்குப் பதிலா எண்பது சதவீதம் வச்சுக்குங்க.

ஆர்எம்எஸ்னு எழுதியிருந்தாலும் எந்த ஓம்ல, எத்தனை வோல்ட்லன்னு பார்க்கணும். சிஇஏ-2006 (ஆம்ப்ளி வாட்டை அளக்கற பொது விதி, இப்போ பேரு சிடிஏ-2006) முத்திரை இருந்தா நம்பலாம். 14.4 வோல்ட்ல, 4 ஓம்ல, ஒரு சதவீதத்துக்கு மேல டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையறது) இல்லாம அளந்த கணக்கு அது. ஒரு நல்ல மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளியோட தாள்ல 4 ஓம்ல 300, 2 ஓம்ல 500, 1 ஓம்ல 800ங்கிற மாதிரி மூணு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது நடு வரி மட்டும், ஏன்னா புது ஆம்ப்ளி வந்ததும் சப்பை மறுபடி பேரலல்ல, 2 ஓமுக்குக் கட்டப்போறோம்.

அதனால உங்க சப்புக்கு மோனோ, கிளாஸ் டி, 2 ஓம்ல 400ல இருந்து 500 வாட் ஆர்எம்எஸ். அவ்வளவுதான். எந்த கம்பெனின்னு கேட்டா, ஊர்ல சர்வீஸ் இருக்கிற கம்பெனி. ஆயிரம் வாட் வாங்கினா இன்னும் நல்லா இருக்குமேன்னு தோணும். வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினா கிடைக்கிறது 3 டெசிபல், காதுக்கு 'லேசா ஏத்தின மாதிரி இருக்கே'ன்னு தோணுற அளவு. ரெண்டு மடங்கு சத்தமாக் கேக்க 10 டெசிபல் வேணும், அதுக்குப் பத்து மடங்கு வாட். ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவுல இருக்கிற பணத்தை நல்ல பெட்டியிலயும் ஒயர்லயும் போட்டா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். கம்மி வாட் ஆம்ப்ளி போட்டா சப் எரிஞ்சுடும்னு ஒரு பேச்சு உலாவுது. கம்மி வாட் எரிக்காது. பத்தலைன்னு நாம ஆம்ப்ளியில இருக்கிற கெயின் திருகை முழுசாத் திருகி, அலை மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு வருது பாருங்க, அந்தச் சூடுதான் காயிலைக் கருக்குது.

கரண்ட் கணக்குக்கு வருவோம். 500 வாட், எண்பது சதவீதம், 13.8 வோல்ட். சுமார் 45 ஆம்பியர். பேஸ் உச்சத்துல அடிக்கிற அந்தக் கணத்துக்கான கணக்கு இது. பாட்டுல பேஸ் விட்டு விட்டுத்தானே வருது, சராசரி இதுல மூணுல ஒரு பங்குக்கும் கீழதான் நிக்கும். உங்க வண்டி ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்ற டைனமோ) இதைத் தாங்கும், பேட்டரி மாத்த வேண்டியதில்ல. அப்போ லைட் ஏன் மங்குதுன்னா, ஒரு காரணம் அந்த 1 ஓம் கூத்து. இன்னொண்ணு ஒயர்.

ஒயர்ல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா என்கிட்ட வர்ற பிரச்சினையில பாதி இங்கதான். பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் உங்க வண்டியில சுமார் 5 மீட்டர். 45 ஆம்பியர் போகும்போது அந்த 5 மீட்டர்ல எவ்வளவு வோல்ட் காணாமப் போகுதுன்னு பாருங்க. 4 கேஜ் காப்பர், அதாவது 21 ஸ்கொயர் எம்எம், 0.2 வோல்ட்டுக்கும் கீழ. 8 கேஜ் காப்பர், 8.4 ஸ்கொயர் எம்எம், அரை வோல்ட் கிட்ட. அதே 8 கேஜ் அலுமினியத்து மேல காப்பர் பூசினதா இருந்தா முக்கால் வோல்ட். வீட்டு வயரிங்குக்குப் போடற 4 ஸ்கொயர் எம்எம்மை இழுத்து விட்டிருந்தா ஒரு வோல்ட்டுக்கு மேல. அப்படி இழுத்த வண்டியும் பார்த்திருக்கேன். இதெல்லாம் பிளஸ் பக்கம் மட்டும், எர்த் (மைனஸ்) பக்கம் தனி.

கிட்டுல வர்ற ஒயர் பளபளன்னு தடியா இருக்கும். ரப்பரைச் சீவினா உள்ள கம்பி பென்சில் தடிமன்கூட இருக்காது. ஒரு இழையை எடுத்து பிளேடால சுரண்டிப் பாருங்க. மேல செம்பு நிறம் போயி உள்ள வெள்ளையா வந்தா அலுமினியம். மேல வெள்ளையா, உள்ள செம்பா இருந்தா அது வெள்ளீயம் (டின்) பூசின காப்பர், நல்லது. சந்தேகம் தீரலைன்னா அந்த இழையை லைட்டர் நெருப்புல காட்டுங்க. அலுமினியம் 660 டிகிரியிலயே உருகும், மெல்லிசு இழை சுருண்டு அறுந்து விழும். காப்பர் சிவந்து நிக்கும். அலுமினியம் போடவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், ஒரு சைஸ் பெரிசாப் போட்டா ஓடும். ஆனா லக் (ஒயர் முனையில மாட்டற வளையம்) அடிச்ச இடத்துல காலப்போக்குல தளர்ந்து சூடாகும். காப்பர்ல அந்தத் தலைவலி குறைவு.

சிக்கனமான வழி ஒண்ணு இருக்கு. ஹார்டுவேர் கடையில 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்குல கிடைக்கும். மெல்லிசு இழைகள், நல்லா வளையும், ரப்பர் உறை சூட்டையும் எண்ணெயையும் தாங்கும். 4 கேஜை விடக் கொஞ்சம் கூடவே வரும். காப்பர்தானான்னு மட்டும் கேட்டு வாங்குங்க, வெல்டிங் கேபிள்லயும் அலுமினியம் இருக்கு. முனைக்கு லக் வச்சு சரியான கிரிம்பிங் டூல்ல அழுத்தணும். கட்டிங் பிளேயர்ல நசுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தறது வேலை இல்ல.

பேட்டரி பிளஸ்ல இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள மெயின் ஃபியூஸ் வேணும். ஆம்ப்ளியிலதான் ஃபியூஸ் இருக்கேன்னு கேப்பாங்க. அது ஆம்ப்ளியைக் காப்பாத்த. இது ஒயரை, அதாவது வண்டியைக் காப்பாத்த. சில வருஷம் முன்னாடி ஒரு குடும்பம் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. வேற எங்கேயோ ஆடியோ மாட்டினது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல ஓட்டை போட்டு, ரப்பர் க்ரோமெட் (ஓட்டை விளிம்புக்குப் போடற வளையம்) வைக்காம ஒயரை நேராச் சொருகியிருக்காங்க. ஓட ஓட தகட்டு விளிம்பு உறையை அறுத்து, காப்பர் பாடியில உக்காந்துடுச்சு. மெயின் ஃபியூஸ் இல்ல. பேட்டரி முழுசா அந்த ஒயர்ல இறங்கி, டாஷ்போர்டுக்குக் கீழ கார்பெட்டும் பஞ்சும் கருகி, இன்ஜின் வயரிங் பாதி உருகிப்போச்சு. நல்ல வேளை, யாரோ ஒருத்தர் ஸ்பேனர் எடுத்து பேட்டரி கிளாம்பைக் கழட்டியிருக்கார். அந்த ஒயரை இன்னும் கடையில ஆணியில தொங்க விட்டிருக்கேன், ஃபியூஸ் எதுக்குன்னு கேக்கறவங்களுக்குக் காட்ட.

உங்களுக்கு ஏஎன்எல் வகை ஃபியூஸ் (அதிக ஆம்பியருக்கான தட்டை ஃபியூஸ்), 60 இல்லைன்னா 80 ஆம்பியர். வாங்கப்போற ஆம்ப்ளியில சொருகியிருக்கிற ஃபியூஸோட கூட்டுத்தொகைக்கு ஒட்டி எடுங்க. ஹோல்டரோட சேர்த்து சென்னைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேளுங்க, வெளியூர்னா ஆன்லைன்ல போடுங்க. வேலை முழுசா முடியற வரைக்கும் ஃபியூஸைச் சொருகக் கூடாது.

எர்த். பிளஸ்ஸுக்கு என்ன தடிமனோ அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள்ள. டிக்கியில பாடித் தகட்டுல ஒரு போல்ட் இடம் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளித் தகடு தெரியுற வரைக்கும் தேய்ங்க. லக், ஸ்டார் வாஷர், போல்ட், இறுக்கி முடிச்சதும் மேல கொஞ்சம் பெயின்ட் இல்லைன்னா கிரீஸ், துரு வராம. கைக்கு வசதியா இருக்குன்னு சீட் பெல்ட் போல்ட்டுல மட்டும் எர்த் கொடுக்காதீங்க, நிறைய பேர் கொடுக்கறாங்க. அது உயிர் காக்கிற போல்ட், அதுக்கு நடுவுல லக்கும் வாஷரும் சொருகற இடமில்ல. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள புது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: பேட்டரி மைனஸ் முனையில ஒரு சென்சார் உக்காந்திருக்கும். எர்த்தை நேரா அந்த முனையில கோக்காம பாடியிலயே எடுங்க, இல்லைன்னா வண்டியோட பேட்டரிக் கணக்கு குழம்பும்.

எர்த் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு வழி: பாட்டு நல்லா ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை ஆம்ப்ளியோட எர்த் டெர்மினல்ல, இன்னொரு முனை நீட்டு ஒயர் போட்டு பேட்டரி மைனஸ்ல. 0.1, 0.2க்கு மேல காட்டினா எங்கேயோ பெயின்ட்டோ துருவோ மிச்சம் இருக்கு. உங்க வண்டியில இதை முதல்ல செஞ்சு பாருங்க. மங்கற லைட்டுக்குப் பாதி பதில் இங்கேயே கிடைக்கலாம்.

ஸ்டீரியோவுல இருந்து ஆம்ப்ளிக்கு சிக்னல் கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிளை பவர் ஒயருக்கு எதிர்ப்பக்கமா, மத்த கதவுப் பக்கம் கொண்டு போங்க. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்'னு ஏறுற சத்தம் வந்தா பெரும்பாலும் எர்த் கோளாறுதான், கேபிளை மாத்தி காசைக் கரைக்காதீங்க. ஸ்டீரியோ போட்டதும் ஆம்ப்ளியை எழுப்பற ரிமோட் ஒயருக்கு ஸ்டீரியோவுக்குப் பின்னாடி வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. சில செட்டுல ரேடியோ போட்டாத்தான் அதுல 12 வோல்ட் வரும், புளூடூத்துக்கு மாத்தினதும் ஆம்ப்ளி தூங்கிடும். கம்பெனி ஸ்டீரியோவையே வச்சுக்கறவங்களுக்கு ஆர்சிஏ இருக்காது. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளியா வாங்கினா ஸ்பீக்கர் ஒயர்லயே சிக்னல் எடுத்துக்கலாம். கம்பெனி ஒயரை வெட்டாம கப்ளர் போட்டு எடுங்க, வாரன்டி வம்பு குறையும்.

கெயின் வால்யூம் இல்ல, இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. ஸ்டீரியோ கொடுக்கிற சிக்னலுக்கு ஆம்ப்ளியைப் பொருத்தற திருகு அது. சப் ஒயரைக் கழட்டிடுங்க. ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். போன்ல 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு இறக்கி ஓட விடுங்க, ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு, புளூடூத்துன்னா போன் வால்யூம் முழுசு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஆம்ப்ளியோட ஸ்பீக்கர் டெர்மினல்ல பிடிங்க. வேண்டிய வாட்டை ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எத்தனை வோல்ட்னு வந்துடும். உங்களுக்கு 400 வாட், 2 ஓம், 800க்கு வர்க்கமூலம் 28.3. கெயினை அடியில இருந்து மெதுவா ஏத்தி 28 வந்ததும் கையை எடுத்துடுங்க. அதுக்கப்புறம் நண்பன் வந்து 'இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே'ன்னு சொன்னா ஆம்ப்ளிகிட்ட போக விடாதீங்க.

லோ பாஸ் (இதுக்கு மேல இருக்கிற சத்தத்தை சப்புக்கு விடாத வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ். பெட்டியில காத்து போற குழாய் இருந்தா சப்சானிக்கை (ரொம்பக் கீழ இருக்கிற பேஸை வெட்டற வடிகட்டி) 25, 30 பக்கம் வைங்க, பெட்டியோட டியூனிங்குக்குக் கொஞ்சம் கீழ. மூடின பெட்டின்னா அது அவ்வளவு முக்கியமில்ல. சப்போட பிளஸ் மைனஸைத் திருப்பற ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்து டிரைவர் சீட்ல எதுல பேஸ் கனமா இருக்கோ அதுல விடுங்க.

கெப்பாசிட்டரை ஏன் வேண்டாம்னு சொன்னேன்? ஒரு ஃபேரட் கெப்பாசிட்டர், வோல்ட்டேஜ் ஒரு வோல்ட் இறங்கற வரைக்கும் கொடுக்கறது 50 ஆம்பியரை ஒரு நொடியில 50ல ஒரு பங்கு நேரம். ஒரு டிரம் அடி அதை விட நீளம். அப்புறம் அதுவே ஆல்டர்னேட்டர்கிட்ட கையேந்தும். நீல லைட்டோட வோல்ட் மீட்டர் அழகா இருக்கும், அவ்வளவுதான். அந்தக் காசுல மூணு ஒயர் போடுங்க: ஆல்டர்னேட்டர் பிளஸ்ல இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு நடுவுல ஃபியூஸோட ஒண்ணு, பேட்டரி மைனஸ்ல இருந்து பாடிக்கு ஒண்ணு, இன்ஜின்ல இருந்து பாடிக்கு ஒண்ணு. பழைய ஒயரைக் கழட்ட வேண்டாம், கூடவே போட்டா போதும். மிச்சமீதி மங்கல் இதுல போயிடும்.

பழைய ஆம்ப்ளியைத் தூக்கிப் போடாதீங்க. முன் கதவு ஸ்பீக்கர் ரெண்டும் 4 ஓம், ரெண்டு சேனல், ஆளுக்கு ஒண்ணு. ஹை பாஸை (கீழ இருக்கிற பேஸை வெட்டற வடிகட்டி) 80ல வச்சா கதவு பேஸுக்குத் திணறாம குரல் தெளிவா வரும், அந்த வேலைக்கு அது நல்ல ஆம்ப்ளிதான். டிக்கியில டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் ஒண்ணு போட்டு ரெண்டு ஆம்ப்ளிக்கும் தனித்தனி ஃபியூஸ் வழியாப் பிரிச்சுடுங்க. மெயின் ஃபியூஸ் அப்போ 100 ஆம்பியர், 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் அதைச் சுமக்கும். மீட்டர் வச்சு சப் எத்தனை ஓம் காட்டுதுன்னு மட்டும் முதல்ல பார்த்துச் சொல்லுங்க.